ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து மானாவாரிக் காட்டுக்கு: கோ. நம்மாழ்வாரின் பாதை

கோ. நம்மாழ்வார் (1938–2013) இயற்கை வேளாண்மைக்காகப் போராடியவர் என்றே தமிழ்நாட்டில் அறியப்படுகிறார். பச்சைத் தலைப்பாகையும் வெண்தாடியும் மேல்சட்டை இல்லாத உடம்புமாக ஊர் ஊராகப் போய்ப் பேசிய முதியவர் என்ற உருவமே பலர் நினைவில் நிற்கிறது. அதற்கு முன்னால் அவர் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையமொன்றில் வேலை பார்த்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் பெற்று, 1963இல் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். பருத்தியிலும் சிறுதானியங்களிலும் பயிர் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு ரசாயன உரம் இட வேண்டும் என்று சோதிப்பது அங்கே அவர் வேலை. 1969இல் அந்த வேலையை விட்டார். பின்னாளில் அவர் நடத்திய போராட்டங்களின் மூலக் கேள்வி அந்த ஆறு ஆண்டுகளில், அந்தப் பண்ணையின் கரிசல் மண்ணில் எழுந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த நிலத்தைப் பார்க்க வேண்டும்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இரண்டு விதமான உழவு நடக்கிறது. வைகையின் வடகரையில் தல்லாகுளத்திலிருந்து அழகர்கோவில் சாலையில் போனால், மலை வருவதற்கு முன் கள்ளந்திரியில் பெரியாறு பாசனக் கால்வாய் குறுக்கிடும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்த பிறகு இந்தப் பக்கத்து உழவின் கணக்கே மாறிவிட்டது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்று இன்றும் உழவர்கள் மதகைக் கொண்டே நிலத்தைப் பிரித்துச் சொல்கிறார்கள். தெற்கே திருமங்கலத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. அங்கிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டி வரை பரந்து கிடப்பது கரிசல். கால்வாய் கிடையாது. கண்மாய் நிறைந்தால் கொஞ்சம் நஞ்சை உண்டு, மற்றதெல்லாம் வானம் பார்த்த புஞ்சை. அங்கே வயல் என்று சொல்வதைவிடக் காடு என்று சொல்வதே வழக்கம்.

கோவில்பட்டியில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். கரிசல் மண் அந்த ஈரத்தைப் பல வாரங்கள் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதும், பருத்தியோடு உளுந்தையோ சோளத்தையோ துவரையையோ சேர்த்து விதைத்து ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும்படி செய்வதும், கோடையில் ஆட்டுக்கிடை அமர்த்தி நிலத்துக்கு எரு சேர்ப்பதும், கண்மாயில் கரம்பை அள்ளி வந்து அடிப்பதும் இந்த மண்ணுக்கேற்ற தொழில்நுட்பங்கள். அவற்றை எந்த ஆராய்ச்சி நிலையமும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையில் காசில்லாத குடியானவன் மழையின் கணக்கைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது, தமிழ்நாட்டின் மிகப் பழைய வேளாண் நிலையங்களில் ஒன்று. அது பிறந்ததற்குப் பருத்தி முக்கியக் காரணம். 1892இல் மதுரையில் ஹார்வி சகோதரர்களின் ஆலை எழுந்த பின் தென்மாவட்டக் கரிசல் பருத்திக்குப் பக்கத்திலேயே பெரிய சந்தை கிடைத்தது. ஆலைக்கு ஒரே தரமான, இழை நீண்ட பஞ்சு தேவைப்பட்டது. நிலையம் உள்ளூர்க் கருங்கண்ணிப் பருத்தியில் தேர்வு செய்து மேம்பட்ட ரகங்களை வெளியிட்டது. கோவில்பட்டியைக் குறிக்கும் ‘கே’ என்ற எழுத்தோடு ஓர் எண்ணும் சேர்ந்து அவற்றுக்குப் பெயரானது. இந்த ஆரம்பகால வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உள்ளூர் மண்ணிலும் உள்ளூர் மழையிலும் நின்ற பயிரிலிருந்து நல்லதைப் பொறுக்கி எடுத்த ஆராய்ச்சி அது.

1960களில் ஆராய்ச்சியின் திசை மாறியது. தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960இல் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. நம்மாழ்வார் பிறந்த இளங்காடு அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் ஆகிய நான்கையும் ஒரு பொதியாக உழவரிடம் சேர்ப்பது திட்டத்தின் வழி. பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. அதே காலத்தில் ஆடுதுறையின் ஏ.டி.டீ. 27 தஞ்சையில் பரவியது. மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் இந்தத் திசைக்கு அரசியல் பலம் தந்தார். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த ஒரு நாடு விளைச்சலைப் பெருக்கத் துடித்ததில் தவறு காண முடியாது. ஆனால் காவிரித் தண்ணீர் பாயும் வயலுக்கு வகுத்த பொதியையே மழையை நம்பிய கரிசலுக்கும் நீட்டினார்கள். நம்மாழ்வாரின் கேள்வி இங்கே பிறந்தது.

சோதனைப் பாத்திகளில் என்ன நடந்தது என்பதற்கு மண்ணறிவியலே விளக்கம் தரும். பயிர் தழைச்சத்தை எடுத்துக்கொள்ள மண்ணில் ஈரம் வேண்டும். மழை தள்ளிப்போனால் இட்ட உரம் வேருக்கு எட்டாது. கரிசல் மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. மேற்பரப்பில் தூவிய யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகிக் காற்றில் போய்விடும். வீரிய ரகத்துக்கு இன்ன நாளில் தண்ணீர் வேண்டும் என்ற கண்டிப்பு உண்டு, வானத்துக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. மழை பொய்த்த ஆண்டில் பழைய முறையில் விதைத்தவனுக்கு விதையும் உழைப்பும்தான் நட்டம், பொதியை வாங்கியவனுக்கோ அதன்மேல் கடனும் சேரும். அரசு நிலையத்துக்குச் செலவைக் கஜானா கொடுத்தது. ஆகவே ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்ற ஒரே அளவுகோல் அதற்குப் போதுமானதாக இருந்தது. எவ்வளவு செலவழித்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அந்த விளைச்சல் வரும் என்பது உழவரின் அளவுகோல். இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

வசதியற்ற உழவர்கள் நிறைந்த பகுதியில் விலையுயர்ந்த இடுபொருட்களை வைத்துச் செய்யும் சோதனைகளால் பயனில்லை, ஆராய்ச்சியின் போக்கைத் திருப்ப வேண்டும் என்று நம்மாழ்வார் நிலையத்துக்குள் சொன்னார். உடன் பணியாற்றியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல்தான் உருவானது. அப்போது இந்த நிலையங்களெல்லாம் வேளாண்மைத் துறையின் கீழ் இருந்தன. எதைச் சோதிப்பது என்பது மேலிருந்து வரும், முடிவு மேலே போகும். இடையில் உழவரின் கருத்தைக் கேட்க அந்த அமைப்பில் வழி இருக்கவில்லை. அறிவியலில் நம்பிக்கை இழந்து அவர் வெளியேறினார் என்று சொல்வதுண்டு. அது முழு உண்மையாகத் தெரியவில்லை. அறிவியல் யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறது என்பதில்தான் அவருக்கு மனக்குறை.

வேலையை விட்டவர் நேரே போராட்டக் களத்துக்குப் போகவில்லை. 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெல்ஜியப் பாதிரியார் டொமினிக் பியர் நிறுவிய ‘அமைதித் தீவு’ என்ற அமைப்பில் வேளாண் அலுவலராகச் சேர்ந்து, திருநெல்வேலி மாவட்டம் களக்காடு வட்டாரத்தில் பத்தாண்டு வேலை செய்தார். வாழ்க்கைத்தரத்தை உழவின் மூலம் உயர்த்துவது அங்கே நோக்கம். நவீன வேளாண்மையை அவர் முற்றிலும் கைவிட்டது கோவில்பட்டியில் அல்ல, களக்காட்டில்தான். வெளியிலிருந்து வாங்கும் பொருள் குறையக் குறைய உழவனின் கையில் மிச்சம் கூடுகிறது, நிலத்துக்கு வேண்டியது நிலத்துக்குள்ளிருந்தே வர வேண்டும், கழிவு என்று ஒதுக்குவதெல்லாம் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்ற முடிவுக்கு அங்கே வந்தார். அரசியல் முழக்கமாக அது தொடங்கவில்லை. பத்தாண்டு வரவு செலவைப் பார்த்த ஒரு வேளாண் பட்டதாரி எடுத்த தொழில்முறை முடிவு அது.

இந்தப் பாதையில் அவருக்கு முன்பே சிலர் நடந்திருந்தார்கள். பூசாவில் பேரரசுத் தாவரவியலாளராக இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட், பயிர்நோயை ஆய்வகத்தில் தனியே பிரித்துப் பார்ப்பதில் அலுத்து, 1924 முதல் இந்தூரில் மட்கு உரம் தயாரிக்கும் முறையை வகுத்தார். குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு செய்த ராபர்ட் மக்கரிசனும் கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்த பி. விஸ்வநாத்தும் 1920களிலேயே, எருவிட்டு விளைந்த தானியமும் ரசாயன உரத்தில் விளைந்த தானியமும் சத்தில் வேறுபடுகின்றனவா என்று சோதித்தார்கள். தமிழ்நாட்டு ஆய்வகத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல என்பதற்கு அது சான்று. அமெரிக்காவில் அரசுப் பணியிலிருந்து 1952இல் விலகிய உயிரியலாளர் ரேச்சல் கார்சன் பூச்சிமருந்துகளின் கேட்டை விளக்கும் நூலை 1962இல் வெளியிட்டார். நம்மாழ்வாருக்கு மிக நெருக்கமானவர் ஜப்பானின் மசனோபு ஃபுகோகா. யோகோஹாமா சுங்கத் துறையில் தாவர நோய் ஆய்வாளராக நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தவர், வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி உழாமல் பயிர் செய்யும் முறையை உருவாக்கினார். அவருடைய ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ 1975இல் வெளிவந்து, பிறகு உலகெங்கும் பரவியது. நம்மாழ்வார் அதை ஆழமாக உள்வாங்கியவர்.

ஆனால் அவர் மண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருந்தார். திருமங்கலத்தில் பிரியும் ராஜபாளையம் சாலையில் தே. கல்லுப்பட்டி இருக்கிறது. அங்கே 1940இல் காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கியது. காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கே கழித்தார். பட்டயக் கணக்காளராக இருந்து கிராமக் கைத்தொழிலுக்கு வந்தவர் அவர். மண்ணின் வளத்தைச் செலவழிக்கும் பொருளாதாரத்துக்கும் அதைத் திருப்பித் தரும் பொருளாதாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை 1940களிலேயே எழுதினார். டிராக்டரையும் ரசாயன உரத்தையும் எச்சரிக்கையோடு பார்த்தவர். 1960 ஜனவரி 30 அன்று அவர் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் தல்லாகுளத்தை ஒட்டிய தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்திருந்தார். தமுக்கமும் கல்லுப்பட்டியும் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமமும் சேர்ந்து, மதுரை வட்டாரத்தில் கிராமத்தை மையமாக வைத்து யோசிக்கும் ஒரு மரபை உயிரோடு வைத்திருந்தன. நம்மாழ்வாரின் பேச்சுக்குக் கேட்கும் காதுகள் இங்கே முன்பே தயாராக இருந்தன என்று சொல்லலாம்.

1970களின் பிற்பாதியில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேயும் வினோபாவும் கல்வி பற்றி முன்வைத்த கருத்துகள் அவரை மாற்றின. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித் தருவதல்ல கல்வி, இருவரும் சேர்ந்து கண்டறிவது என்ற எண்ணத்தோடு 1979இல் ‘குடும்பம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வேளாண் விரிவாக்கம் என்று அரசு செய்து வந்ததற்கு இது நேர்மாறு. பின்னர் புதுக்கோட்டை மாவட்டத்தில், பயிரிட லாயக்கில்லை என்று விட்டுவிட்ட வறண்ட நிலத்தில் ‘கொழுஞ்சி’ பண்ணை உருவானது. கொழுஞ்சி என்பது தரிசில் தானாக முளைத்து மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் பசுந்தாள் செடி. ஒரு பண்ணைக்கு அந்தப் பெயரை வைத்ததிலேயே அவருடைய வேளாண்மைப் பாடம் அடங்கிவிடுகிறது.

அறிவியலாளர் இயக்கக்காரராக மாறியதை நன்றாகக் காட்டுவது விதை பற்றிய அவருடைய வேலை. 2003இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை ஒரு மாத நடைப்பயணம் நடந்தது. வழியில் உழவர்கள் தங்களிடம் எஞ்சியிருந்த பாரம்பரிய நெல் விதைகளைக் கொடுத்தார்கள். அந்தப் பயணத்தில் கலந்துகொண்ட திருத்துறைப்பூண்டி ஜெயராமன் பிறகு அந்த வேலையையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு, ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, ‘நெல்’ ஜெயராமன் ஆனார். வாங்கிய விதையைப் பெருக்கி அடுத்த ஆண்டு இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஒப்பந்தம். 2018இல் அவர் இறக்கும்போது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டும் புழக்கத்துக்கு வந்திருந்தன. விதை வங்கியைக் குளிர்பதன அறையில் வைக்காமல் உழவர் வீடுகளில் வைத்த முறை இது. ஒரு ரகம் அழியாமல் இருக்க அது விளைந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற அறிவியலும் இதில் உண்டு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோர வயல்களில் உப்பு ஏறியது. பல ஆண்டுகளுக்கு அங்கே பயிர் செய்ய முடியாது என்ற அச்சம் பரவியிருந்த நேரத்தில், நம்மாழ்வாரும் இயற்கை விவசாயிகளும் கிராமங்களில் இறங்கி வேலை செய்தார்கள். உப்பைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது மண்ணில் சேர்த்தார்கள். மழைநீர் உப்பைக் கரைத்து இறக்க, மட்கிய தழை மண்ணின் கட்டமைப்பைத் திருத்தும். அவர் ஆராய்ச்சி நிலையத்தில் கற்ற பயிரியல் வீணாகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

களத்துக்கு வெளியே நடந்த போராட்டங்களும் உண்டு. வேம்பு எண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் உரிமை கொடுத்தது. எதிர்ப்பின் பேரில் 2000இல் அது ரத்தாகி, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. வாசலில் நிற்கும் மரத்துக்கு வெளிநாட்டில் உரிமையாளரா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டுக் கிராமக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனவர்களில் நம்மாழ்வார் முக்கியமானவர். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய்க்கு எதிராக நாடெங்கும் எழுந்த இயக்கத்தில் தமிழ்நாட்டின் குரலாக நின்றார். 2010 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார்.

2009இல் தமிழ்நாடு மாநில வேளாண்மை மன்றச் சட்டம் நிறைவேறியது. வேளாண் பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவர்கள்தான் உழவருக்கு ஆலோசனை வழங்கலாம் என்பது அதன் சாரம். நம்மாழ்வாரிடம் பட்டம் இருந்தது. ஆனாலும் அவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். பக்கத்துக் காட்டுக்காரரிடம் யோசனை கேட்பதும் சொல்வதும் குற்றமாகிவிட்டால், கரிசலில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு செல்லாக்காசாகிவிடும் என்பதுதான் சிக்கல். எதிர்ப்பு வலுத்ததால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2007இல், காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியிருந்தது. ஆராய்ச்சி நிலையத்தை விட்டு வெளியேறி ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்துக் கிடைத்த அறிவியல் பட்டம் அது.

அவர் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களையும் சொல்லியாக வேண்டும். நம்மாழ்வாரின் வேலை மேடைப் பேச்சிலும் பயிற்சி முகாம்களிலும் ‘பசுமை விகடன்’ போன்ற இதழ்களிலும் பதிந்தது, ஆய்வுக் கட்டுரைகளில் அல்ல. ஒரே மண்ணில் இரண்டு முறைகளையும் பல ஆண்டு ஒப்பிட்டு அளந்த அட்டவணையை வேளாண் அறிஞர்கள் கேட்டபோது, இயக்கத்திடம் உழவர்களின் அனுபவமே பெரும்பாலும் இருந்தது. நோய், மருத்துவம் பற்றிய அவருடைய சில கருத்துகள் சான்றைத் தாண்டிப் போனவை. மானாவாரியில் பிறந்த வாதத்தை ஆற்றுப்பாசன நெல்லுக்கும் அப்படியே பொருத்தும்போது அதன் வலு குறைகிறது. இடுபொருளுக்குப் போடும் காசே பெரிய ஆபத்தாக இருக்கும் புஞ்சையில் அந்த வாதம் அசைக்க முடியாதது, தண்ணீர் உறுதியான நஞ்சையில் விளைச்சல் இழப்பையும் ஆள்கூலியையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாற்றம் மெதுவாகத்தான் நடக்க முடியும் என்பதற்கு இலங்கை பாடமானது. அங்கே 2021 ஏப்ரலில் ரசாயன உரத்தை ஒரே அடியில் தடை செய்த அரசு, விளைச்சல் சரிந்து உழவர்கள் தெருவில் இறங்கியதால் நவம்பரில் பின்வாங்கியது. மேலிருந்து வந்த பசுமைப் புரட்சியை எதிர்த்தவரின் வழி, மேலிருந்து வரும் இயற்கை வேளாண்மையாகவும் இருக்க முடியாது. ஓர் உழவர் தம் காட்டின் ஒரு மூலையில் செய்து பார்த்து, அதைக் கண்டு இன்னொருவர் செய்வது என்பதே ‘குடும்பம்’ கண்ட முறை.

கடைசி ஆண்டுகளில் கரூர் மாவட்டம் கடவூர் அருகே சுருமான்பட்டியில் ‘வானகம்’ என்ற பண்ணையைப் பயிற்சிக் களமாக அமைத்தார். அதுவும் வறண்ட, பாறை மண்டிய மானாவாரி நிலம்தான். நல்ல நிலத்தை அவர் தேடிப் போகவில்லை. காவிரிப் படுகையில் நிலக்கரிப் படிமத்திலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமானார். உடலை வானகத்தில் அடக்கம் செய்தார்கள். 2015இல் தமிழ்நாடு அரசு அந்த மீத்தேன் திட்டத்துக்குத் தடை விதித்தது. 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது.

அவர் மறைவுக்குப் பிறகு அரசின் பார்வையும் நகர்ந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நம்மாழ்வார் பெயரில் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி மையம் அமைக்க அரசு முன்வந்தது. 2023இல் மாநில அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியானது. அதே ஆண்டில் இயற்கை விவசாயிகளுக்கு அவர் பெயரால் விருதும் அறிவிக்கப்பட்டது. கோவில்பட்டி நிலையம் இன்றும் அதே கரிசலில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பருத்தியிலும் சிறுதானியங்களிலும் பயறு வகைகளிலும் மானாவாரி ஆராய்ச்சியைத் தொடர்கிறது. மழைக்கு முன் விதைப்பதும் ஊடுபயிரும் விழுந்த இடத்திலேயே மழைநீரைப் பிடித்து வைப்பதும் இப்போது மானாவாரிக்கான அதிகாரபூர்வப் பரிந்துரைகளில் இடம்பெறுகின்றன.